வாசல்வரை வழியனுப்பியவர்

"வலி எவ்வளவு இருக்கு? பூஜ்யத்துலேருந்து பத்துக்குள்ள ஒரு நம்பர் சொல்லுங்க" என்று டாக்டர் தியானா கேட்டாள்.

"ரெண்டு" என்றார் என் புருஷன்.

ரெண்டாம்! அன்று விடிகாலைதான் வலி தாங்காமல் தலையணை உறையைப் பல்லால் கடித்துக் கிழித்திருந்தார் இந்த மனுஷன்.

என் புருஷன் ரதிஸாவுக்குப் புற்றுநோய் எலும்புவரை இறங்கிவிட்டது. இனிமேல் செய்ய ஒன்றுமில்லை, வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று பெரிய ஆஸ்பத்திரியில் கைவிரித்துவிட்டார்கள். எங்களுக்கு மிச்சம் இருந்தது ஒரே ஒரு வழி. வீட்டுக்கு டாக்டர் வந்து பார்த்து, இவருக்குத் தேவைதான் என்று சொல்லிவிட்டால் தினமும் நர்ஸ் வந்து மார்ஃபின் ஊசி போட்டுவிட்டுப் போவாள். டாக்டர் கண்ணில் என்ன படுகிறதோ அதுதான் முடிவு.

ஆனால் எங்கள் மொராவா ஆற்றங்கரைக்காரனுக்கு டாக்டர் என்றால் டாக்டரா? வீட்டுக்கு வந்துவிட்டால் விருந்தாளி! கிழவர் விடிந்ததும் சவரம் செய்துகொண்டார். கல்யாணத்துக்கும் கருமாதிக்கும் மட்டும் போடும் கறுப்பு சூட்டை மாட்டிக்கொண்டு நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். வந்தவளுக்குச் செர்ரிப் பழப்பாகு ஒரு கரண்டி, தண்ணீர், அப்புறம் சின்ன கிளாஸில் வீட்டில் காய்ச்சிய ரக்கியா சாராயம். "குடி பொண்ணே, இது எங்க தோட்டத்துப் பிளம்ஸ். செத்தவன்கூட எழுந்து ஆடுவான்" என்று ஜோக் வேறு. அவள் சிரித்தாள். நான் வாயைத் திறந்தால் முறைத்தார்.

கிளம்பும்போது வாசல்வரை நடந்துபோய் அவளை வழியனுப்பினார். கார் தேவாலயத்து முனையில் திரும்பியதும் பிளம்ஸ் மரத்தடியில் அப்படியே சாய்ந்தார். பக்கத்து வீட்டு ஓபராத்தும் நானும் கம்பளியில் கிடத்தி இழுத்துக்கொண்டு வந்தோம். வழியெல்லாம் அலறல்.

"யோவ், உனக்கு மூளை இருக்கா?" என்று கத்தினேன்.

"விருந்தாளிகிட்டப் போய் ஒப்பாரி வைக்கச் சொல்றியா?"

தலையில் அடித்துக்கொண்டேன்.

நர்ஸ் இப்போதைக்குத் தேவையில்லை என்று அடுத்த வாரம் நர்ஸ் அனுப்புகிற ஆபீஸிலிருந்து சொன்னார்கள். எடுத்தேன் போனை. "டாக்டரம்மா, நீங்க பார்த்தது நோயாளியை இல்ல. கல்யாண மாப்பிள்ளையைப் பார்த்துட்டுப் போயிருக்கீங்க!"

"அவரேதான் ரெண்டுன்னு சொன்னாரு. நானா எழுதினேன்?"

"வாய் சொன்னதை எழுதுறதுக்கு டாக்டர் எதுக்கு? கண்ணை எங்கே வெச்சுட்டு வந்தீங்க?"

மெதுவாக, "சரி, வியாழக்கிழமை மறுபடி வரேன். ஆனா முன்கூட்டியே வீட்டுக்குச் சொல்லிட்டுத்தான் வரணும், அதான் விதி" என்றாள்.

"வீடுன்னா நான்தான். எனக்குச் சொல்லியாச்சு. வாங்க."

கிழவரிடம் நான் மூச்சு விடவில்லை. வியாழன் காலையில் அவர் கண்ணயர்ந்த நேரம் பார்த்து, வீட்டில் இருந்த அவருடைய பேண்ட் அத்தனையும் சுருட்டி ஓபராத் வீட்டில் கொண்டுபோய்ப் போட்டேன். "என்ன அண்ணி இது?" என்றார் ஓபராத். "வாயை மூடிக்கிட்டு வெச்சுக்கங்க" என்றேன். பேண்ட் இல்லாமல் ஒரு பெண்பிள்ளை முன்னால் என் புருஷன் எழுந்து நிற்கமாட்டார். அது எனக்கு நிச்சயம்.

டாக்டர் உள்ளே வந்தபோது அவர் முழங்காலை வயிற்றோடு மடக்கிக்கொண்டு முனகிக்கொண்டிருந்தார். வேர்வையில் சட்டை ஒட்டியிருந்தது. அவளைப் பார்த்ததும் முகமே மாறிப்போயிற்று.

"தெசான்கா! பேண்ட்டைக் குடு!"

"இல்லை."

"ஏய், என் பேண்ட்டைக் குடுடி! வீட்டுக்கு வந்தவங்களுக்கு ரக்கியா ஊத்து!"

"ஒண்ணும் கிடையாது. படு."

"உக்காரு பொண்ணே... சும்மா, லேசா முதுகு..." என்று சொல்லிக்கொண்டே போர்வையை இடுப்பில் சுற்றிக்கொண்டு எழப் பார்த்தார். ஒரு கால்தான் தரையில் பட்டது. அவர் போட்ட சத்தத்தில் கோழிகள் சிதறி ஓடின. செத்துப்போன அம்மாவைக் கூப்பிட்டு அழுதார். கல்யாணமான நாளிலிருந்து அவர் அழுது நான் பார்த்ததில்லை. ஆனாலும் நான் நகரவில்லை. பார்க்கட்டும், நன்றாகப் பார்க்கட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

தியானா மண்டியிட்டு அவரைத் தாங்கிப் படுக்கவைத்தாள். "தாத்தா, இப்ப சொல்லுங்க. எவ்வளவு வலி?"

"ரெண்டு" என்றார், கண்ணீர் வழிய.

அவள் அதை எழுதவில்லை. பையைத் திறந்து ஊசியை எடுத்தாள். நாளையிலிருந்து நர்ஸ் வருவாள் என்று என்னைப் பார்க்காமலே சொன்னாள். என்மேல் அவளுக்கும் கோபம்தான் போல. இருந்துவிட்டுப் போகட்டும்.

மாதக்கணக்கில் சரியாகத் தூங்காத மனுஷன் சாயங்காலம்வரை அடித்துப்போட்ட மாதிரி தூங்கினார். நான் கட்டில் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். கண் விழித்ததும் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

"வேணும்னே பண்ணினே."

"ஆமா."

"வீட்டுக்கு வந்த பொம்பளை முன்னாடி என்னை அந்தக் கோலத்துல காட்டிட்டே. இதை நான் மன்னிக்கவே மாட்டேன், தெசான்கா."

"மன்னிக்காதே. எனக்கும் உன்மேல கோபம் தீரலை. வலிக்குதா, அதைச் சொல்லு."

போர்வையைக் கழுத்துவரை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"இல்ல" என்றார்.

அதன்பின் சில வாரங்கள் உயிரோடு இருந்தார். நர்ஸிடம் சிரித்துப் பேசினார், ஓபராத்தோடு பந்தாட்டத்தைப் பற்றிச் சண்டை போட்டார். என்னிடம் அவர் கடைசியாகப் பேசிய வார்த்தை அந்த "இல்ல"தான்.