அக்கரைக்கு ஒரு நடை

"தலைப்பக்கம் பாத்து, தலைப்பக்கம்!" என்று மைத்துனன் கத்திக்கொண்டிருக்கும்போதே அமரர் ஊர்தியின் ஓட்டுநர் ஸ்ட்ரெச்சரை உள்ளே தள்ளிவிட்டுக் கதவைச் சாத்தப் போனார். அந்த நேரம் பார்த்துத்தான் போல்ட்டு வாயைத் திறந்தார்.

"பாலத்து வழியா போங்க."

வாசலில் நின்றவர்கள் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். மின்மயானம் இருப்பதோ பக்கத்துத் தெருவில். பாலமோ ஊரின் மறுகோடி.

"மாமா, விளையாடுறீங்களா? குடுத்த நேரம் தப்பிடுச்சுன்னா அப்புறம் சாயங்காலம்தான்."

"சாயங்காலமே ஆகட்டும்டா. உங்க அக்காவுக்கு இனிமே என்ன அவசரம்?"

இரும்புப் பாலங்களில் போல்ட் முடுக்கியே தேய்ந்த கை அவருடையது. அவர் முடுக்கியதை அவரே நினைத்தாலும் கழற்ற முடியாது என்று கூட்டாளிகள் வைத்த பெயர்தான் போல்ட்டு. ஆறு எங்கேயோ அங்கே குடித்தனம். கரையோரம் ஒரு தகரக் கொட்டகை. கட்டிக்கொண்டு வந்த நாளிலிருந்து மனைவிக்கும் அதுதான் பிழைப்பு. மூட்டையை அவிழ்ப்பாள், அடுப்பு வைப்பாள், "இந்தத் தண்ணியில பருப்பு வேகாது" என்று அந்த ஆற்றைப் பற்றித் தீர்ப்புச் சொல்வாள், மறுபடி மூட்டை கட்டுவாள்.

மேஸ்திரிகள் ஒரு சட்டம் வைத்திருந்தார்கள். வேலை முடியாத பாலத்தில் வீட்டுப் பெண்கள் கால் வைக்கக் கூடாது. முடிந்த பாலத்தில் கால் வைக்கவோ ஆள் இருக்காது; கடைசி போல்ட்டை முடுக்கிய அன்றே சாமான் ஏற்ற லாரி வந்து நிற்கும். ரிப்பன் வெட்டுகிறவர்கள் வரும்போது இவர்கள் அடுத்த ஆற்றங்கரையில் அடுப்பு ஊதிக்கொண்டிருப்பார்கள்.

"அக்கரையில என்னதாங்க இருக்கு?" என்று ஊருக்கு ஊர் கேட்பாள்.

"என்ன இருக்கப்போகுது? இங்க இருக்கிறதுதான்," என்பார், தட்டிலிருந்து தலை நிமிராமல். "திறக்கட்டும், கூட்டிட்டுப் போறேன்."

அதெல்லாம் போகட்டும், அதற்காவது சாக்கு இருந்தது. இந்த ஊர்ப் பாலத்துக்கு என்ன சாக்கு? இதுதான் அவருடைய கடைசிப் பாலம். முடித்த கையோடு இங்கேயே வீடு பார்த்து உட்கார்ந்தாயிற்று. ஒரே பஸ், இறங்கினால் பாலம். முதலில் வெயில் என்றார், பிறகு முட்டிவலி என்றார், அப்புறம் நாளைக்கு என்றார். அதற்குள் அவள் நோயில் படுத்துவிட்டாள். அட பாவி, பக்கத்திலேயே வைத்துக்கொண்டு ஒரு நாள்கூடக் கூட்டிப்போகவில்லையே என்று காலையிலிருந்து தன்னையே திட்டிக்கொண்டிருந்தார்.

அவளாவது நாலு வார்த்தை திட்டித் தொலைத்திருக்கலாம். போன வாரம் ஆஸ்பத்திரியில் அவர் கையைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள்.

"உங்க புண்ணியத்துல எத்தனை ஊரு, எத்தனை ஆறு! எங்க அக்காவெல்லாம் ஒரே சுவத்தைப் பாத்துக்கிட்டே கிழவி ஆயிட்டா. நான் ராணி மாதிரி சுத்தியாச்சு."

"ஆமா, தகரக் கொட்டகை ராணி."

"அதுல மழை பேஞ்சா என்ன சத்தம்! மேளம் வச்ச மாதிரி. அதெல்லாம் யாருக்குக் கிடைக்கும்?"

அக்கரையைப் பற்றி அன்றைக்கு அவள் கேட்கவே இல்லை. கேட்டிருந்தால்கூடத் தேவலை என்று இப்போது தோன்றியது.

"அப்பா சொல்றபடியே போகட்டும் மாமா," என்றாள் மகள். ஏதோ ஓர் ஆற்றங்கரையில் பிறந்தவள். அவளுக்கு விளக்க வேண்டியதில்லை.

"அப்பனும் மகளும் என்னமோ பண்ணுங்க. நான் முன்னாடி மயானத்துல போய்ச் சொல்லி வைக்கிறேன்," என்று மைத்துனன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நடந்தான்.

பாலம் ஏறியதும் இணைப்புக்கு இணைப்பு வண்டி தடக், தடக் என்றது. அவள் பாதங்கள் லேசாக ஆடின. போல்ட்டு குனிந்து இரண்டையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டார். "மெதுவா போப்பா," என்றார். மகள் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அக்கரையில் வண்டி திரும்ப ஒரு மண்திட்டு இருந்தது. அவர் இறங்கி நின்றார். வேலைக்காலத்தில் இந்தக் கரைக்கு எத்தனையோ தரம் வந்தவர்தான். ஒரு தரமும் நின்று திரும்பிப் பார்த்ததில்லை. இப்போது பார்த்தார். துண்டு துண்டாக, போல்ட் போல்ட்டாக மட்டுமே தெரிந்த பாலம், தண்ணீர்மேல் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை முழுசாக நின்றது. அந்தக் கோடியில், பாலத்தின் அடியில், பழைய கொட்டகை போட்ட இடம் கையகலத்துக்குத் தெரிந்தது. அங்கே நின்றுதானே அவள் கேட்டாள். இங்க இருக்கிறதுதான் என்று வாய் கூசாமல் சொல்லியிருக்கிறாரே!

மகளின் கைப்பேசி அடித்தது. மாமாதான். எடுக்காமல் அணைத்தாள்.

"போலாமாய்யா?" என்றார் ஓட்டுநர்.

"இருப்பா. அவ இப்பத்தான் வந்திருக்கா."

ஓட்டுநர் மறுபடி ஏறி உட்கார்ந்தார். வண்டியைத் திருப்பி, பின்பக்கம் ஆற்றைப் பார்க்கும்படி நிறுத்தி, இரண்டு கதவுகளையும் அகலத் திறந்துவைத்தார்.