மடியில் ஒரு பை பன்

பேக்கரிக்காரருக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அதைவிட வேகமாகப் பாசம் வரும். கடல் தாண்டி வாழ்க்கைப்பட்ட ஒரே மகள் முழுகாமல் இருக்கிறாள், எதைத் தின்றாலும் வாந்தி, இப்படியே போனால் ஆஸ்பத்திரியில் படுக்க வைக்க வேண்டியதுதான் என்று மாப்பிள்ளை போனில் சொன்னதும் மனிதருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

"உங்க பன்னு சூடா கிடைச்சா சாப்பிடுவேங்கறா மாமா."

"டிக்கெட்டப் போடுங்க."

டிக்கெட் வந்தது. காலை பத்துக்குக் கிளம்பி, அன்றைக்கே மதியம் ஒன்றுக்கு இறங்கும் என்று போட்டிருந்தது. அங்கே கடிகாரமே வேறு என்பது அவருக்கு எப்படி உறைக்கும்? யாரையாவது கேட்டிருக்கலாம். கேட்கிற ஆளா அவர்!

"மூணு மணி நேரந்தான். கம்பளியில சுத்திட்டா சூடு அப்படியே நிக்கும்" என்றார்.

மனைவிக்குக் கண் கலங்கிவிட்டது. "அவ்வளவு கிட்டயா இருக்கா நம்ம பொண்ணு? இது தெரியாம நாலு வருஷத்த வீணாக்கிட்டோமேங்க!"

விடியற்காலையில் சுட்ட பன்கள் கம்பளிக்குள் புகுந்தன. விமானம் மேலே ஏறியதுதான் தாமதம், பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். மேலே வைத்துத் தருவதாகப் பணிப்பெண் சொன்னாள். "பச்சப்புள்ளய மேல வைப்பியாம்மா?" என்று சீறினார். பாவம், அவள் போய்விட்டாள்.

கைக்கடிகாரத்தில் ஒரு மணி ஆனது. இறங்குகிற பாடில்லை. இரண்டும் ஆனது. பக்கத்து சீட்டுக்காரரை உலுக்கி எழுப்பினார்.

"என்ன சார், வழி தெரியாம சுத்துறானா?"

அவர் கொட்டாவி விட்டுக்கொண்டே திரையைக் காட்டினார். "மொத்த தூரமே பத்தாயிரம் கிலோமீட்டருக்கு மேலங்க. பன்னெண்டு மணி நேரப் பயணம். நீங்க போற ஊர்ல இப்பதான் விடியப் போகுது."

பேக்கரிக்காரர் கம்பளிக்குள் கையை விட்டுப் பார்த்தார். பன் ஆறிப்போயிருந்தது. அடச்சே, நானும் ஒரு மனுஷனா என்று தன்னையே திட்டிக்கொண்டார். திட்டி முடித்த பிறகுதான் மற்றது உறைத்தது. இவ்வளவு தூரத்திலா என் குழந்தை கிடந்து அல்லாடுகிறது? பையை இன்னும் இறுக்கி அணைத்துக்கொண்டார்.

மகள் துரும்பாய் இளைத்து விமான நிலைய வாசலில் நின்றாள். அவளைப் பார்த்ததும் பையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டார்.

"வேணாம்மா, ஆறிப்போச்சு. வீட்டுக்குப் போனதும் புதுசா சுட்டுத் தரேன். அப்பன் மடையன்மா, கணக்கு தப்பாப் போச்சு."

"குடுப்பா முதல்ல."

பிடுங்கி, நின்ற இடத்திலேயே பிய்த்து வாயில் போட்டாள். மாப்பிள்ளை அவசரமாகக் கைக்குட்டையை நீட்டினார். மென்றாள், விழுங்கினாள். இரண்டு ஆண்களும் மூச்சைப் பிடித்துக்கொண்டு அவள் முகத்தையே பார்த்தார்கள். ஒன்றும் ஆகவில்லை. மிச்சத்தையும் தின்றாள்.

"இன்னும் எத்தனப்பா இருக்கு?"

பதில் சொல்லத்தான் வாயைத் திறந்தார் பேக்கரிக்காரர். அழுகைதான் வந்தது.