வேண்டுமென்றே எழுதிய தப்பு

டெக்சாஸில் கோடை விடியலுக்குக் குளிர்ச்சி கிடையாது. வானம் வெளுக்கும் முன்பே இருபது ஆட்கள் பயிற்சிக்கான இரும்புச் சறுக்குவண்டிக்குத் தோள் கொடுத்துப் புல்லின் மேல் தள்ளுவார்கள். ஹெல்மெட்டுக்குள் வியர்வை கண்ணை எரிக்கும். துப்பினால் எச்சிலோடு ரத்தமும் வரும். அமெரிக்கக் கால்பந்தில் பந்தோடு பாய்ந்து வருகிறவனை முட்டிச் சாய்ப்பதுதான் டிஃபென்ஸ்காரனின் பிழைப்பு. கவின் ஒன்பது வருஷம் முட்டினான்.

ஒவ்வொரு வருஷமும் ஆட்டங்கள் தொடங்குமுன் கம்ப்யூட்டரில் ஒரு ஞாபகப் பரீட்சை உண்டு. தலையில் அடிபட்டால் மறுபடியும் எழுத வேண்டும். மார்க் குறைந்தால் வெளியே உட்கார வேண்டும். அப்படி உட்கார்ந்தவனின் இடத்துக்கு மறுவாரமே வேறு ஆள் வந்துவிடுவான். அதனால் மூத்தவர்கள் புதியவர்களுக்கு ஒரு பாடம் சொல்லிக்கொடுத்தார்கள்: முதலிலேயே தப்பாக எழுது, பின்னால் அடிபட்டுக் குறைந்தாலும் தெரியாது. கவினும் ஆப்பிளைப் பார்த்துவிட்டுப் படகு என்று எழுதினான்.

கடைசி வருஷம் ஓர் அடி விழுந்தது. எழுந்தவன் எதிரணி பெஞ்சில் போய் உட்கார்ந்தான். எல்லோரும் சிரித்தார்கள். மிச்ச ஆட்டத்தையும் ஆட வைத்தார்கள். சீசன் முடிந்ததும் போனிலேயே விலக்கிவிட்டார்கள்.

இப்போது முப்பத்துமூன்று வயது. மகளுக்குப் பால் ஊற்றத் தொடங்கினால் நிறுத்தத் தெரியவில்லை. "அப்பா, ஸ்டாப்! ஃபுல்!" என்று ரக்ஷா கத்துவாள். காயம் வேலையில் வந்தது என்று டீம் ஒப்புக்கொண்டால்தான் வைத்தியம் தொடரும். அதைக் கேட்கத்தான் அம்மா சாந்தாமணி அவனை டீம் ஆபீசுக்குக் காரில் அழைத்து வந்திருந்தாள். அவனுக்கு ஒரு வருஷம் முன்பே டீமில் சேர்ந்து இன்னும் ஆடுகிற டேரலும், அவனோடு ஆடுகிற நாலு பேரும் வியர்வை காயாமல் மைதானத்திலிருந்து வந்து கூட நின்றார்கள்.

டீம் டாக்டர் ஜம்புநாதன் திரையைப் பார்த்தபடி பேசினார். "முதல் வருஷ ஸ்கோரும் இப்ப வந்த ஸ்கோரும் ஒண்ணுதான் கவின். டேமேஜ் எதுவும் இல்ல. நீ வந்தப்பவே இப்படித்தான்."

"இப்படித்தான்னா எப்படிங்க டாக்டர்? இவன் காலேஜ்ல கணக்குல பர்ஸ்ட்டுங்க."

"ரெக்கார்ட் சொல்றதைத்தான் நான் சொல்ல முடியும் மேடம்."

"கோயில் அன்னதானத்துல எம்பக்கத்துல நின்னு சாம்பார் ஊத்துனீங்களே, அந்தக் கண்ணுல ஒருக்கா இவனைப் பாருங்க."

டாக்டர் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

மேஜைக்குப் பின்னால் இருந்த, தமிழ் புரியாத டீம் முதலாளி சிரித்தார். "என்ன, பிரேயரா? கவின், நாங்க குடுத்த காசுலதான வீடு வாங்கின? தலையும் புதுசா வாங்கித் தரணுமா?"

வழியெல்லாம் மனப்பாடம் செய்து வந்த வாக்கியத்தைக் கவின் தேடினான். "நான்... அன்னிக்கு... தப்பா..." அதற்கு மேல் வரவில்லை. முதலாளி கடிகாரத்தைப் பார்த்தார்.

"தப்பா எழுதினான்," என்றான் டேரல். "நான்தான் எழுதச் சொன்னேன். நானும் அப்படித்தான் எழுதினேன்."

"நானும்."

"நானும்தான்."

"நானும்."

முதலாளியின் குரல் தணிந்தது. "ஏமாத்தினோம்னு ஒத்துக்கறீங்க. ஏமாத்தினவனை உடனே நீக்கலாம்னு காண்ட்ராக்ட்ல போட்டிருக்கு, ஞாபகம் இருக்கா?"

அந்த நாலு பேரில், வீட்டில் கைக்குழந்தையை விட்டு வந்திருந்த லூயிஸ் மட்டும் ‘நானும்’ என்று சொல்லாமல் தரையைப் பார்த்தான்.

"நாளைக்கு இந்த வருஷ டெஸ்ட்," என்றான் டேரல். "சரியா எழுதப்போறோம். அடிபட்டா மார்க் குறையும். குறைஞ்சா வெளியில உக்காருவோம்."

"அக்டோபருக்குள்ள பாதிப் பேர் பெஞ்சுலதான் இருப்பீங்க."

"அப்ப பெஞ்சைக் கொஞ்சம் பெருசா போடுங்க."

முதலாளி சிரிக்கவில்லை. "கவின் கேஸ் முடிஞ்சது. உங்க கேஸை நாளைக்குப் பார்க்கறேன்," என்று கதவைக் காட்டினார்.

நடைவழிக்கு வந்ததும் கவின் எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் நின்றான். அம்மா முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். லூயிஸ் கவினின் முழங்கையை மெல்லப் பிடித்தான்.

"இந்தப் பக்கம், ப்ரோ." சற்று நடந்த பிறகு, "நாளைக்கு நானும் சரியாத்தான் எழுதுவேன்," என்றான். சொன்ன பிறகும் பிடியை அவன் விடவில்லை.

இறைவன் மனிதருக்குத் துணையாக மனிதரைத்தான் அனுப்புகிறான். வேகத்துக்காகவே கூலி வாங்கும் அந்த ஐந்து பேரும் கவினின் நடைக்குத் தக்கபடி மெதுவாக நடந்தார்கள்.