சோலைவரி இல்லாத வீடு

வீட்டுக்காக நகரசபைக்கு வருஷத்துக்கு ஆறாயிரம் ரூபா சோலைவரி கட்ட மனமில்லாமல், தவேந்திரன் திருகோணமலை நகரத்து வீட்டை விற்று, வரி இன்னும் எட்டிப் பார்க்காத நிலாவெளி ஒழுங்கை ஒன்றில் குடியேறினார். "இனி ஒரு சதமும் குடுக்கமாட்டன்" என்று காண்பவரிடமெல்லாம் பெருமையடித்தார்.

அவருடைய வேலை பதினைந்து கிலோமீற்றர் தள்ளி நகரத்தில். மனைவி நிருஜா படிப்பித்த பள்ளிக்கூடமும் அங்கேதான். நேரம் ஒத்துவராததால் அவர் மோட்டார் சைக்கிளில் போக, அவள் பஸ்ஸில் நின்றபடி போய்வந்தாள்.

மூன்றாம் மாதம் அவள் கேட்டாள்: "போன மாசம் பெற்றோலுக்கும் பஸ்ஸுக்கும் எவ்வளவு முடிஞ்சது, தெரியுமோ?"

"அது செலவு. வரியில்லைத்தானே?"

"ஏழாயிரத்து ஐந்நூறு. ஒரு வருஷ வரியை ஒரு மாசத்திலை குடுத்திட்டம்."

"நீர் வரி கட்டச் சொல்லுறீரோ?"

"இல்லை. எனக்கு இனி ஏலாது எண்டு சொல்லுறன்."

அடுத்த திங்கட்கிழமை நிருஜா உடுப்புப் பெட்டியோடு நகரத்திலிருந்த தங்கை வீட்டுக்குப் போய்விட்டாள். சனி, ஞாயிறுகளில் மட்டும் வருகிறாள்.

தவேந்திரன் கடைச் சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு தனியே வீடு திரும்புகிறார். மனைவி எங்கே என்று அயலவர்கள் கேட்டால், வரியில் எவ்வளவு மிச்சம் என்று விளக்கத் தொடங்கிவிடுகிறார்.