பெயர் சொல்லாத ரெஃபரி

அன்று காலை ரிச்சர்ட் காபியைத் தொடாமலேயே தொட்டியில் கொட்டி, டம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைத்தார். நெல்லித்தோப்பில் இந்த வீட்டுக்கு நான் வாழவந்த நாளிலிருந்து அப்படி நடந்ததில்லை. ஆறிப்போனாலும் குடிப்பார், ஈ விழுந்தால் எடுத்துப் போட்டுவிட்டுக் குடிப்பார். உடம்பு சரியில்லையோ என்று நெற்றியில் கைவைக்கப் போனேன். கையை விலக்கிக் கம்ப்யூட்டரைக் காட்டினார்.

"முடிச்சிட்டாங்க, ஜாஸ்லின்."

"யாரு? எதை?"

"நம்ம கேள்விய."

அந்தக் கேள்வியைக் கல்யாணமான புதிதில் அவர் எனக்குப் புளியங்கொட்டையை வைத்துத்தான் சொன்னார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக இருந்த என் மாமனார் பென்ஷன் பணத்தில் வாங்கிப்போட்ட தேக்கு மேசை கூடத்தில் இருக்கிறது. அதில் கொட்டைகளைப் பரப்பினார். எந்த இரண்டை எடுத்தாலும் நடுவில் உள்ள தூரம் முழு எண்ணாக இருக்க வேண்டும், அரை, கால் என்று இழுக்கக் கூடாது. மூன்று கொட்டைகள் ஒரே கோட்டில் வரக் கூடாது, நான்கு கொட்டைகள் ஒரே வட்டத்தில் உட்காரக் கூடாது. மூன்றை நானே வைத்துவிட்டேன். நான்காவதை வைப்பதற்குள் ஸ்கேலும் கையுமாக முதுகு ஒடிந்துவிட்டது. "கொட்டை ஏற ஏற மேசை பத்தாம போயிடும். எவ்ளோ பெரிய மேசை வேணும்? அதான் கேள்வி" என்றார். இதற்கா சம்பளம் கொடுக்கிறார்கள் என்று சிரித்தேன். கல்லூரியில் பாடம் நடத்தத்தான் சம்பளம், இது சும்மா என்றார். அந்தச் சும்மா பதினோரு வருடம் ஓடியது. நேரு வீதியில் ஆசைப்பட்டு நான் வாங்கிவந்த பூப்போட்ட மேசை விரிப்பு, விரித்தால் அவர் மேசைமேலேயே போட்டுவைத்த பென்சில் கோடுகள் மறைந்துவிடும் என்பதால் கவர்கூடப் பிரிக்காமல் அலமாரியில் கிடந்தது. விருந்தாளி வந்தால் அந்தக் கிறுக்கல் மேசையில் சோறு போட எனக்கு மானம் போகும். ஆனாலும் புளி கரைக்கும்போதெல்லாம் கொட்டைகளைக் கழுவி ஜன்னலில் காயவைப்பேன். கேள்வியில் முதல் பாதி அவருக்குப் பிடிபட்டுவிட்டது, அதற்கே நாலு வருடம். மறுபாதிதான் போக்குக் காட்டியது. வந்தவரைக்கும் வெளியிடுங்களேன் என்றால், பாதி கட்டின வீட்டுக்கு யாராவது குடி போவார்களா என்பார். எங்களுக்குப் பிள்ளை இல்லை. அவர் 'நம்ம கேள்வி' என்று சொல்லும்போதெல்லாம் 'உங்க கேள்வி' என்று நான் ஒருநாளும் திருத்தியதில்லை.

இப்போது ஏதோ வெளிநாட்டுப் பத்திரிகையிலிருந்து, பிரேசிலில் படிக்கும் ஒரு பெண் எழுதிய கட்டுரையை அனுப்பி, சரியாக இருக்கிறதா பார்த்துச் சொல்லுங்கள் என்று கேட்டிருந்தார்கள். அப்படிப் பார்த்துச் சொல்பவருக்கு ரெஃபரி என்று பெயர். விசிலும் கிடையாது, காசும் கிடையாது. பார்த்தது யார் என்பது எழுதியவருக்குக் கடைசிவரை தெரியாது. புளியங்கொட்டைக்காகக் கவலைப்படுகிற ஆட்கள் உலகத்திலேயே நாலைந்து பேர்தான் என்பதால் அது இவரிடமே வந்து சேர்ந்திருக்கிறது.

நாள் தவறாமல் வரி வரியாகப் பார்த்தார். மின்துறை கவுன்டரில் பில் பணம் வாங்கிப் போடுகிற வேலை முடிந்து நான் சாயங்காலம் வீட்டுக்குள் நுழையும்போது அவர் முகத்தைத்தான் முதலில் பார்ப்பேன். ஒவ்வொரு நாளும் "இதுவரைக்கும் சரியாத்தான் இருக்கு" என்பார், யாருக்கோ காய்ச்சல் இறங்கவில்லை என்பதுபோல. ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் பூசை முடிந்து வந்தபோது மேசைமுன் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

"ஒரு எடத்துல ஓட்டை இருக்கு."

மாதாவே என்று மனசுக்குள் கும்பிட்டேன். முகம் தெரியாத பெண் தோற்றதற்கு மாதாவுக்கு நன்றி சொல்வது பாவம்தான். சொன்னேன்.

"'இது எளிதில் விளங்கும்'னு ஒரு வரி எழுதிட்டு தாண்டிப் போயிட்டா. எளிதில்லாம் வெளங்காது. அந்த எடத்துலதான் நான் நாலு வருஷம் கெடந்தேன்."

எனக்குக்கூடப் புரிந்துவிட்டது. இவரிடம் இல்லாத பாதி அவளிடம் இருக்கிறது. அவளிடம் இல்லாத பாதி இந்த மேசையில் இருக்கிறது.

"அப்போ தப்புன்னு எழுதி அனுப்பிடுங்க. அப்பறம் ரெண்டு பாதியையும் சேத்து நீங்களே..."

"அவ பாதிய நான் எப்படி எடுக்கறது?"

"சரி, சேந்து எழுதலாம்னு கேளுங்க. உங்களோடதத்தான கேக்கறீங்க?"

"பரிச்ச பேப்பர் திருத்த வந்தவன் மார்க்குல பங்கு கேப்பானா?" நகத்தால் ஒரு பென்சில் கோட்டைச் சுரண்டிக்கொண்டே சொன்னார். "முழு வழியும் பாத்தது அவ. நான் சொல்லலன்னாலும் ஆறு மாசத்துல அவளுக்கே ஆப்டுடும். அவ மூளை அப்படி."

"உங்களுக்கு?"

"எனக்கு மறுபாதி வந்திருக்காது, ஜாஸ்லின். இப்பதான் தெரியுது. நான் நின்ன பக்கத்துலேருந்து அதுக்கு வழியே இல்ல."

கத்திவிட்டேன். பதினோரு வருஷம் இந்த மேசையில் நான் இடம் ஒதுக்கி ஒதுக்கிச் சாப்பிட்டது எந்தக் கணக்கில் சேரும் என்று கத்தினேன். அவர் அழுதார். மாமனாரை அடக்கம் செய்த அன்றுகூட அவர் அழுது நான் பார்க்கவில்லை. என் கோபம் எங்கே போயிற்றென்று தெரியவில்லை. பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டேன்.

அன்று மத்தியானமே எழுதி அனுப்பினார். ஓட்டை எங்கே இருக்கிறது, அதை எப்படி அடைக்கலாம், அடைத்தால் இது அருமையான கட்டுரை, வெளியிடுங்கள். எல்லாம் சேர்த்து இரண்டு பக்கம்.

"நாலு வருஷம் ரெண்டு பக்கம்தானா?" என்றேன்.

"சுருக்கமா வந்தாத்தான் நல்லது" என்றார்.

மறு வருடம் கட்டுரை அச்சில் வந்தது. அதற்கு இரண்டு நாள் கழித்து அந்தப் பெண்ணே இவருக்கு மெயில் அனுப்பியிருந்தாள். இவர் எப்போதோ எழுதிய ஒரு சின்னக் கட்டுரையைப் படித்திருக்கிறாளாம், அதனால் தன்னுடையதையும் அனுப்புகிறாளாம். தள்ளி நின்று நானும் படித்தேன். நான்காவது பகுதியை மட்டும் அவசியம் பாருங்கள், அது என்னுடையது இல்லை, பெயர் தெரியாத ரெஃபரி ஒருவர் கொடுத்தது, கட்டுரையிலேயே அழகான இடம் அதுதான், அவர் யாரென்று தெரிந்தால் நேரில் போய் நன்றி சொல்வேன் என்று எழுதியிருந்தாள்.

"சொல்லிடுங்களேங்க. நான்தான்னு ஒரு வரி."

"ரெஃபரி சொல்லக் கூடாது."

"யாரு வெச்ச சட்டம் அது?"

வாழ்த்துகள் என்று தட்டி அனுப்பிவிட்டுக் கம்ப்யூட்டரை அணைத்தார்.

அடுப்படிக்குப் போய்ச் சங்கரா மீன் குழம்புக்குப் புளியைக் கரைத்தேன். கொட்டைகளை வழக்கம்போலக் கழுவியும் விட்டேன். கழுவிய பிறகுதான் அவற்றை எங்கே வைப்பதென்று தெரியாமல் ஈரக்கையோடு நின்றேன். குழம்பு கொதிப்பதற்குள் கூடத்தில் அலமாரி திறக்கிற சத்தம் கேட்டது.

குழம்போடு நான் வந்தபோது மேசையில் விரிப்பு விரிந்திருந்தது. மடிப்புத் தடம் அப்படியே இருந்தது, மடித்த இடங்களில் பூக்கள் வெளுத்திருந்தன. ஓரத்தை உள்ளங்கையால் நீவி நீவிச் சமப்படுத்திக்கொண்டிருந்தார்.

"நல்லாருக்கே. எப்ப வாங்கன இத?" என்றார்.

"மொத வருஷம்."

"அப்படியா?" என்று உட்கார்ந்து தட்டுக்காகக் காத்திருந்தார். அவர் கைக்குப் பக்கத்தில், விரிப்புக்கு அடியில் ஒரு கொட்டை மேடு தட்டிக்கொண்டிருந்தது. நான் தட்டைக் கொஞ்சம் தள்ளி வைத்தேன்.