துண்டுக்கடியில் இடது கை

துண்டை வெடுக்கென்று இழுத்தாள் குழந்தையம்மாள். சென்னிமலை விடவில்லை. அவர் வலது கையில் பிரஷர் பட்டை இறுகியிருந்தது. இடது கை துண்டுக்கடியில். இன்னொரு இழுப்பு.

கைப்பிடி ஸ்பிரிங்! இரண்டு பிடியும் ஒட்டிப்போக நசுக்கிக்கொண்டிருந்தார். மூச்சை அடக்கியதில் கழுத்து நரம்பு புடைத்திருந்தது.

"நூத்தியெம்பது எப்படி வருதுன்னு இப்பத் தெரியுதுங்களா டாக்டர்?"

டாக்டர் அப்துல் கையூம் ஸ்டெதாஸ்கோப்பைக் கழற்றினார். அந்த ஸ்பிரிங்கைக் கொடுத்ததே அவர்தான். 'மாத்திரையோட இதையும் செய்யுங்க. பாதி பலம்கூட வேண்டாம். ரெண்டு நிமிஷம் பிடிச்சு, ஓய்வெடுத்து, மறுபடி. மூச்சை அடக்கக் கூடாது. நாளாவட்டத்துல பிரஷர் இறங்கும். முரட்டுத்தனமா நசுக்கினா அந்நேரத்துக்கு ஏறத்தான் செய்யும்.'

விடிந்தும் விடியாமல் கடிகாரத்தோடு எதிரே உட்கார்ந்து செய்ய வைத்தவள் குழந்தையம்மாள். பக்கத்து வீட்டு நர்ஸம்மா பார்த்தால் நூற்றி முப்பது. போன வாரமும் இன்றும் இங்கே வந்தால் மட்டும் எகிறுகிறது. டாக்டர் கையெழுத்தில்லாமல் அவர் ஓட்டும் தொண்டாமுத்தூர் பஸ்ஸைத் தொடவே கூடாதென்று முதலாளி சொல்லிவிட்டார்.

"சுரேந்தருக்குத்தானுங்களே?" என்று சீறினாள். டிரைவர் உடம்பு முடியாமல் இறங்கினால் மகனுக்கு அந்த சீட். முதலாளியின் வழக்கம் அது. "பொழுதன்னிக்கும் கேரம் போர்டுல கெடக்கற உங்க மகனுக்கு, என்னை முட்டாளாக்கி சீட் புடிக்கறீங்களா? வெக்கமா இல்லீங்களா?"

"அவனுக்கில்லை அம்மணி."

"பின்னே யாருக்குங்க? போன அமாவாசைக்கு, மொத ட்ரிப்புல, குறுக்க வந்த மாட்டுக்கு பிரேக் அடிச்சீங்க. பஸ்ஸே தூங்கிட்டிருந்துச்சு. முன்சீட்டுல தூங்குன எனக்கு நெத்தி பொளந்துபோச்சு. தையலோட ஊரெல்லாம் போய், எங்கூட்டுக்காரர் அத்தனை உசுரைக் காப்பாத்திப்போட்டாருன்னு பீத்துனேன். அதே கையில இந்தத் திருட்டு வேலையா?"

சென்னிமலை ஸ்பிரிங்கை மேஜைமேல் வைத்தார். விரல்களில் கம்பித் தடம் சிவந்திருந்தது.

"பிரஷர்னு எறக்கிவிட்டா மானத்தோட போயிருப்பேன்." அவள் நெற்றித் தையலைப் பார்த்தார், தொடர்ந்து பார்க்க முடியவில்லை. "அன்னிக்கு மாடு எதுவும் வரலை, கண்ணு. ஸ்டியரிங்கைப் புடிச்சபடியே எனக்குக் கண்ணு இருட்டிப்போச்சு. முழிச்சப்ப எதுத்தாப்புல வாய்க்கால்."