கோட்டைத் தொட்ட பிள்ளை

நெட்டச்சி என்று ஊர் வைத்த பட்டப்பெயர் அவளுக்கு அப்படியே நிலைத்துவிட்டது. ஆலை வாசலில் அந்த உயரமே அவள் மகளுக்கு எமனாக வந்தது.

நூற்பாலை வாசல் சுவரில் ஒரு கறுப்புக் கோடு உண்டு. பிள்ளையின் உச்சந்தலை அதைத் தொட வேண்டும், பிறப்புச் சீட்டில் பன்னிரண்டு வயது ஆகியிருக்க வேண்டும், உள்ளே விட்டுவிடுவார்கள். வீட்டில் இரண்டு பேராவது வேலை செய்தால்தான் ஆலையின் லைன் வீடு கிடைக்கும். நிலத்தை விற்றுவிட்டு வந்தவர்களுக்கு வேறு போக்கிடம் ஏது? நெட்டச்சியும் புருஷனோடு வேலைக்குப் போனாள். வயிறு தெரிய ஆரம்பித்ததும் மேஸ்திரி, "இனிமே வராத" என்று சொல்லிவிட்டான். மறுநாளே அவள் இடத்தில் வேறொருத்தி நின்றாள்.

அப்போதுதான் வீட்டுக்காரனுக்கு அந்தப் புத்தி வந்தது. பெரியவள் நாலு வயதில் காய்ச்சலில் போனவள். போனதை ஆபீசில் சொல்ல வேண்டும் என்று அன்றைக்கு யாருக்குத் தோன்றியது? பெட்டியின் அடியில் அவள் சீட்டு பத்திரமாக இருந்தது, அதன்படி பன்னிரண்டு. சின்னவளுக்கு ஒன்பதுதான், ஆனால் அம்மாவைப் போல நெடுநெடுவென்று வளர்ந்திருந்தாள். கோட்டைத் தொட்டதும் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். நெட்டச்சிக்கும் பெருமையாகத்தான் இருந்தது. அந்தப் பெருமையை நினைத்தால் இப்போது பெற்ற வயிறு பற்றி எரிகிறது.

நாலே மாதம். திங்கட்கிழமை காலை, ஓடிக்கொண்டிருந்த இயந்திரத்துக்கு அடியில் பஞ்சு பொறுக்கக் குனிந்தவளின் பின்னல் சுழலும் பட்டையில் சிக்கியது. துணியால் மூடித்தான் வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். பன்னிரண்டு வயது, கவனக்குறைவு என்று எழுதிய காகிதத்தில் வீட்டுக்காரனிடம் கைநாட்டு வாங்கிப் போனான் மேஸ்திரி.

மூன்றாம் நாள் காலை நெட்டச்சி தண்ணீர்க் குடத்தோடு உள்ளே வந்தாள். வீட்டுக்காரன் ஆறு வயதுக் கடைக்குட்டியைக் கதவு நிலையில் சாய்த்து நிறுத்தி, தலைக்கு மேல் கரியால் கோடு போட்டுக்கொண்டிருந்தான்.

"என்ன பண்றீங்க?"

"சும்மா பாத்தேன்." அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். "செத்தது பெரியவதான்னு எழுதியிருக்கு. சின்னவ சீட்டு அப்படியே நம்மகிட்ட இருக்கு. மூணு வருஷத்துல அதுக்குப் பன்னெண்டு ஆயிடும். இவளும் உன்ன மாதிரிதான் வளருறா."

"நீயெல்லாம் ஒரு மனுஷனா?"

"வெளிய போன்னு சொன்னா இந்த வயித்தோட எங்கடி போவ? அதுவரைக்கும் மேஸ்திரி கால்ல விழுந்தாவது வீட்டப் பிடிச்சு வச்சுக்கறேன்."

சொல்லும்போதே அவன் கண் நிறைந்துவிட்டது. இரண்டு நாளாக அவனும் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. அதைப் பார்த்துத்தான் நெட்டச்சிக்கு இன்னும் பயம் பிடித்தது. ஈவிரக்கம் இல்லாதவன் என்றால் திட்டித் தீர்க்கலாம், அழுதுகொண்டே அடுத்த பிள்ளையை அளக்கிறவனை என்ன செய்வது?

சின்னவளின் சீட்டை இடுப்பில் சொருகிக்கொண்டு அவள் பதிவு ஆபீசுக்கு நடந்தாள்.

குமாஸ்தா சீட்டை வாங்கிப் பார்த்தார். "எப்போ இறந்துச்சு?"

"திங்கட்கிழமை. மில்லுல."

அவர் பதிவேட்டைப் புரட்டினார். "அன்னிக்கு மில்லுலேருந்து ஒண்ணுதாம்மா வந்திருக்கு. உன் பெரிய பொண்ணு."

"அவ போயி எட்டு வருஷமாச்சு ஐயா. திங்கட்கிழமை போனது இவ. ஒம்பது வயசு. ரெண்டையும் சரியா எழுதிக்கோங்க."

குமாஸ்தா பேனாவைக் கீழே வைத்தார். கெட்ட மனிதர் இல்லை. "இத எழுதினா நாளைக்கே வீட்டக் காலி பண்ணச் சொல்லுவாங்க. உன் வீட்டுக்காரர் வேலையும் போயிடும். யோசிச்சுக்கோம்மா."

"யோசிச்சுட்டுதான் வந்தேன்."

அவர் எழுதினார். சீட்டின் குறுக்கே சிவப்பு மையால் இழுத்து, "இது இனிமே எதுக்கும் ஆகாது" என்றார். அதைக் கேட்கத்தான் அவ்வளவு தூரம் வந்திருந்தாள். கேட்டதும் பெஞ்சில் உட்கார்ந்து, ஆபீசே திரும்பிப் பார்க்க ஓவென்று அழுதாள்.

அழுகை ஓயட்டும் என்று காத்திருந்த குமாஸ்தா அவள் வயிற்றைப் பார்த்தார்.

"இது பொறந்ததும் மறக்காம வந்து பதிஞ்சிடும்மா. இந்தப் பக்கம் பொறப்பே கொறைஞ்சு போச்சே, ஏன்னு மேலேருந்து கேட்டுக்கிட்டே இருக்காங்க. நான் என்னன்னு பதில் எழுத?"

நெட்டச்சி முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"பொறக்கும் ஐயா. ஆனா அதுக்கு நான் சீட்டு வாங்க மாட்டேன்."